ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றுவது: பார்க்க வேண்டியவை

அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா என்று எல்கேஜி சேர்க்கும்போதுதான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய வகுப்பு ஆறாவது. அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு வந்த அதே ஒதுக்கீடு, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் எல்லாம் 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்பதைத்தான் பார்க்கின்றன. ஏழாவதில் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒரு வருஷக் குறைவு அத்தனையையும் கெடுத்துவிடும். 7.5-இல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவது வரை எங்கே படித்தாலும் இந்தக் கணக்கில் வராது. பக்கத்துத் தொடக்கப் பள்ளி நன்றாக நடந்தால் அங்கேயே போடலாம். ஆனால் ஐந்து வகுப்பையும் இரண்டே ஆசிரியர்கள் பார்க்கும் பள்ளி என்றால் யோசியுங்கள். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒரே அறையில்தான்.

இதில் ஒரு விலக்கு உண்டு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளையை ஆறாவதில் மாற்ற வேண்டிய அவசியமில்லை. எட்டாவது வரை அங்கே படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் 7.5-க்குத் தகுதி உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. எட்டாவதோடு இலவசம் முடிந்து, ஒன்பதாவதுக்குக் கட்டணம் கேட்கும்போது கடன் வாங்கி அங்கேயே தொடர்கிறார்கள்.

பெரிய குழப்பம் அரசு உதவி பெறும் பள்ளிகளில்தான். இலவசப் பாடநூல், சத்துணவு எல்லாம் இருப்பதால் அதுவும் அரசுப் பள்ளி என்றே நினைத்துவிடுகிறோம். 7.5 ஒதுக்கீடு அங்கே படித்தவர்களுக்குக் கிடையாது. புதுமைப் பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் அங்கே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டும் உண்டு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகள் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது பெயிண்டையும் ஸ்மார்ட் போர்டையும் பார்த்து மயங்க வேண்டாம். கரும்பலகையின் ஓரத்தில் பதிவு, வருகை என்று இரண்டு எண்கள் எழுதியிருப்பார்கள். பதிவு 38, வருகை 36 என்று இருந்தால் நல்லது. சாதாரண நாளில் வருகை 25 என்றால் ஏன் என்று கேளுங்கள். ஆறாவது, ஏழாவது பிள்ளைகளின் கணக்கு நோட்டை வாங்கி, கடைசித் திருத்தம் எந்தத் தேதியில் நடந்திருக்கிறது என்று பாருங்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்துக்கும் தனித்தனிப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, எந்த இடம் காலி என்று தலைமை ஆசிரியரிடமே கேட்கலாம். பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். மேல்நிலைப் பள்ளி என்றால் பதினொன்றாவதில் என்னென்ன குரூப் இருக்கிறது, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறார்களா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். பெண் பிள்ளை என்றால் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

மாற்றும் வேலையில் டிசி என்ற மாற்றுச் சான்றிதழைவிட, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையப் பதிவான எமிஸ்தான் இழுத்தடிக்கும். காகிதத்தில் டிசி கையில் இருந்தாலும், பழைய பள்ளி எமிஸில் பிள்ளையின் பெயரைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் எடுத்துக்கொள்ள முடியும். டிசி வாங்கும்போதே எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, பெயரை விடுவித்தாகிவிட்டதா என்று அலுவலகத்தில் நின்று கேட்டுவிட்டு வருவது நல்லது. கட்டணப் பாக்கியைக் காட்டி டிசியை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. பாக்கி இருப்பதாக டிசியில் எழுதக் கூடாது, டிசி கட்டண வசூலுக்கான கருவி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. எட்டாவது வரை, டிசி வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. ஆகவே முதலில் புதிய பள்ளியில் உட்கார வைத்துவிடுங்கள். பழைய பள்ளி அப்புறமும் பெயரை விடாவிட்டால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்க்கும் நாளிலேயே பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். இந்த எமிஸ் விவரம்தான் பிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்குப் போகும். அப்போது திருத்தப் போனால் அலைச்சல் அதிகம்.

பாடத்தைப் பொறுத்தவரை, மெட்ரிக் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குச் சிக்கல் இல்லை. சமச்சீர்க் கல்வி வந்த பிறகு பத்தாவது வரை இரண்டு இடத்திலும் ஒரே புத்தகம். பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் உண்டு. சிபிஎஸ்இ-யில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்த பிள்ளைக்குத்தான் தமிழ் இடிக்கும். பேசத் தெரிந்தது போதாது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் தினம் அரைப் பக்கம் சொல்வதை எழுதுதல் போடுங்கள். ல-ள-ழ, ன-ண-ந குழப்பம் முதல் பருவத்துக்குள் முழுதாகப் போகாது. தமிழில் மதிப்பெண் குறைந்தால் அந்த வருஷம் கண்டுகொள்ளாமல் விடலாம்.