நிறச் சக்கரத்தில் ஊதா ஏன் சேறாகிறது?

ஓவியத் தேர்வுக்குப் படிப்பவர்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என முதன்மை நிறங்கள் மூன்று என்பதை ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். நிறங்களை வட்டமாக வரிசைப்படுத்திக் காட்டும் நிறச் சக்கரத்தின் 12 கட்டங்களுக்கும் வண்ணம் கலக்க உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும். ஆரஞ்சு வந்துவிடும், பச்சையும் வந்துவிடும். ஊதா மட்டும் சேற்றுப் பழுப்பாக நிற்கும். குறை கையில் இல்லை, எடுத்த புட்டியில்.

போஸ்டர் கலரில் எந்தச் சிவப்பும் தனிச் சிவப்பு அல்ல. வெர்மிலியன் மஞ்சள் பக்கம் சாய்ந்தது, கிரிம்சன் நீலம் பக்கம் சாய்ந்தது. வெர்மிலியனில் அல்ட்ராமரைன் நீலத்தைக் கலந்தால் அந்த மஞ்சள் சாயலும் கூடவே சேரும். மூன்று முதன்மையும் கூடினால் பழுப்புதான். ஊதாவுக்குக் கிரிம்சனும் அல்ட்ராமரைனும், ஆரஞ்சுக்கு வெர்மிலியனும் குரோம் மஞ்சளும், பளிச்சென்ற பச்சைக்கு லெமன் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் எடுங்கள். ஆக, மூன்று முதன்மைக்கு ஆறு புட்டி வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கலக்கும்போது வெளிர் நிறத்தை முதலில் பேலட்டில் வைத்து, அடர் நிறத்தைப் பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்கவும். மஞ்சளும் சிவப்பும் சரிபாதி என்று புத்தகத்தில் இருப்பதை நம்பி அப்படியே எடுத்தால், சிவப்பு மஞ்சளை விழுங்கிவிடும். வண்ணம் கெட்டி மோர்ப் பதத்தில் இருக்கட்டும். நீர்த்தால் திட்டுத் திட்டாகக் காயும், கட்டியாகப் பூசினால் வெடிக்கும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் மாறும். அதனால் அதே தாளின் துண்டில் பூசிக் காயவைத்துப் பார்த்த பிறகே கட்டத்தில் தொடுங்கள். தண்ணீருக்கு இரண்டு டம்ளர்: ஒன்று கழுவ, மற்றொன்று கலக்க.

மஞ்சளை அடர்த்தியாக்கக் கறுப்பைச் சேர்த்தால் அது மங்கலான பச்சையாகத் திரும்பும். கறுப்புச் சாயத்தில் பெரும்பாலும் நீலச் சாயல் ஒளிந்திருக்கிறது. பதிலாக மஞ்சளின் எதிர் நிறமான, அதாவது சக்கரத்தில் அதற்கு நேர் எதிரே இருக்கும் ஊதாவை ஊசிமுனை அளவு சேர்த்துப் பாருங்கள்.

எதிர் நிறங்களைப் பற்றிக் கேள்வி வராத தேர்வு குறைவு. கலந்தால் ஒன்றையொன்று மங்கவைக்கும், பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பாரிஸின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரூலிடம், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் பழுதில்லை, பக்கத்தில் ஓடிய நிறம்தான் காரணம் என்று அவர் கண்டார். 1839-இல் அதை நூலாகவே எழுதினார். இதைக் கண்ணால் பார்க்க, ஒரே கிண்ணத்துச் சாம்பல் நிறத்தில் இரு சிறு சதுரங்கள் தீட்டி, ஒன்றைச் சிவப்புத் தாளிலும் மற்றொன்றைப் பச்சைத் தாளிலும் ஒட்டுங்கள். சிவப்பில் இருப்பது பச்சை தட்டியதாகவும், பச்சையில் இருப்பது சிவந்ததாகவும் தெரியும்.

அரக்குப் பட்டுக்குக் கிளிப்பச்சைக் கரை எடுப்பாக இருப்பதும் இதனால்தான். அங்கே கரை குறுகல், உடல் அகலம். வடிவமைப்புக் கேள்வியிலும் அப்படியே பங்கு பிரியுங்கள். இரண்டையும் முழு அடர்த்தியில் சம அளவு நிரப்பினால் விளிம்புகள் துடித்துக் கண்ணைக் கூசும். மஞ்சளும் ஊதாவும் வந்தால் மஞ்சள் 1 பங்கு, ஊதா 3 பங்கு; ஆரஞ்சும் நீலமும் வந்தால் 1-க்கு 2.