பாரம் ஏறினால் தளரும் அவுட்போர்டு இன்ஜின்

கரையில் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டும்போது ஒரு குறையும் காட்டாத அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்), வலையும் ஐஸ் பெட்டியும் ஆட்களும் ஏறிய படகைத் தள்ள வேண்டிய நேரத்தில் மட்டும் தளர்ந்துபோவது, ஃபைபர் படகு வைத்திருக்கும் பலரையும் அலைக்கழிக்கும் கோளாறு. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் திருகாத நிலையில், சீராக ஓடும். பாதி ஆக்சிலேட்டர் வரைக்கும் குறை தெரியாது. முழுதாகத் திருகியதும் கொஞ்சத் தூரம் இழுத்துவிட்டு இறங்கிவிடும். உடனே பிளக்கை மாற்றுவதும் கார்புரேட்டரைப் பிரிப்பதும் வழக்கமாகிவிட்டது. சுமையில்லாமல் ஓடும் இன்ஜினுக்கு எரிபொருள் மிகக் குறைவாகவே தேவைப்படும் என்பதால், கரையில் அதைச் சோதித்துப் பயனில்லை. கடலில், பாரத்தோடு, கோளாறு வரும் அந்த நேரத்திலேயே அதைக் கவனிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் கேட்க வேண்டியது சத்தம். படகின் வேகம் இறங்கும்போது இன்ஜினின் சுற்று ஏறினால், இன்ஜினில் பலம் இருக்கிறது, அது தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஒன்று, இன்ஜின் உயரமாக மாட்டப்பட்டு புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது. அல்லது புரொப்பெல்லரின் நடுவே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. உள்வளையத்தையும் வெளி உடம்பையும் இணைத்துப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள்; திரும்பி வரும்போது கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. இன்ஜினின் சுற்றும் படகின் வேகமும் சேர்ந்தே இறங்கினால் விஷயம் வேறு. புரொப்பெல்லரில் சுற்றிய தூண்டில் நரம்பு, படகின் அடியில் ஒட்டிய பாசியும் சிப்பியும், பாரத்துக்குப் பொருந்தாத அதிக பிட்ச் (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறக் கணக்கிட்ட தூரம்) ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். பிட்ச் 1 அங்குலம் மாறினால் இன்ஜினின் நிமிடச் சுற்று ஏறக்குறைய 150 முதல் 200 வரை மாறும்.

இவை சரியாக இருந்தால் அடுத்தது எரிபொருள். பெரும்பாலான நேரம் கோளாறு இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்ஜின் தளரத் தொடங்கும் கணத்தில், ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்க, இன்னொருவர் ஹோஸின் நடுவே இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அமுக்க அமுக்க இன்ஜின் மீண்டும் எழுந்தால், கார்புரேட்டரைத் தொட வேண்டியதில்லை. அதற்குப் போதுமான எரிபொருள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பல்ப் சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் அடைப்பு டேங்குக்கும் பல்புக்கும் நடுவே இருக்கிறது: மூடியில் உள்ள காற்றுத் திருகு திறக்கப்படவில்லை, அல்லது டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் வலை அழுக்கேறியிருக்கிறது. பல்ப் தளர்ந்தே இருந்து, உள்ளே குமிழிகளும் வந்தால், கனெக்டரின் ஓ-ரிங் வழியாகக் காற்று நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பல்பும் ஹோஸும் நன்றாக இருந்தும் கையால் அமுக்கினால்தான் ஓடுகிறது என்றால், எரிபொருள் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய தகடு) தளர்ந்திருக்கும்.

எங்கள் படகில் குறை ஹோஸிலேயே இருந்தது. வெளியே விரிசல் ஒன்றும் இல்லை, வளைத்தால் புதிதுபோலவே வளைந்தது. பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தபோது, உள்தோல் உரிந்து ஒரு நாக்கைப்போல் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓடும்போது எரிபொருள் அதன் பக்கவாட்டில் ஒழுகிப்போகும். வேகம் கூடினால் அந்தத் தோல் எழுந்து வழியை அடைத்துவிடும். ஊதிப் பார்த்தாலும் இது தெரியாது. ஆகவே பக்கத்துப் படகின் டேங்கையும் ஹோஸையும் சேர்த்து வாங்கி ஒருமுறை மாட்டி ஓட்டிப் பார்ப்பதுபோல் சுலபமான சோதனை வேறில்லை.

இன்று நம் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பரை அது கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து, உறிஞ்சும் குழாய் நிற்கும் டேங்கின் அடியில் தங்கிவிடும். டேங்கின் அடி எரிபொருளைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துச் சிறிது நேரம் வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரியும்.

பல்ப் அமுக்கியும் எழாத இன்ஜினில், இரண்டு சிலிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த நிலையிலேயே இன்ஜினை நிறுத்தி இரண்டு பிளக்குகளையும் கழற்றினால், ஒன்று காய்ந்த பழுப்பு நிறத்திலும் மற்றொன்று எரிபொருளில் நனைந்தும் இருக்கலாம்; நனைந்த பிளக்கின் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. வெளிக்காற்றில் பளிச்சென்று தீப்பொறி தரும் காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்), சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போதும் சூடேறும்போதும் தவறிவிடுவதுண்டு. கரையில் தீப்பொறியைப் பார்த்துத் திருப்தி அடைவது அதனால்தான் போதாது.

கார்புரேட்டருக்கு இதன் பிறகே வர வேண்டும். ஐடிலுக்கான வழி சிறியது. முழு வேகத்துக்குப் பொறுப்பு மெயின் ஜெட் என்ற சிறு பித்தளைத் துளை. அதில் ஒரு ரப்பர் துணுக்கு நின்றாலே போதும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் பழைய அளவு திரும்பாது. கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின்களில் கரி அதிகம் படிவதால் பிளக்கையும் எக்ஸாஸ்ட் வழியையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்திருப்பவர்களை ஒன்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: தளரும் இன்ஜினை முழு ஆக்சிலேட்டரில் பிடித்துக்கொண்டு கரை வரை வராதீர்கள். அதற்கு ஆயிலும் பெட்ரோலோடு கலந்தே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடித்துவிடும். ஆக்சிலேட்டரைக் குறைத்து மெதுவாக வந்து சேருவதே நல்லது.

ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்களில் சூடேறினால் பல மாடல்கள் தாமாகவே சுற்றைக் குறைத்துக்கொள்ளும். எனவே பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்திருந்தால் இம்பெல்லரையும் (குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் சக்கரம்), உப்புப் படிந்த தெர்மோஸ்டாட்டையும் (அந்தத் தண்ணீரைச் சூட்டுக்கேற்பத் திறக்கும் வால்வு) பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் பலம் வரவில்லையென்றால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டுங்கள். இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால், ரிங்கோ பிஸ்டனோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கும். அதன் பிறகு ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.