இறக்கைக்குள் மறையும் சுருக்கம்

காற்றாலை இறக்கைகள் செய்யும் ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே புதிதாகச் சேருபவர்கள் முதலில் தேடுவது காற்றுக்குமிழிகளைத்தான். கண்ணுக்குத் தெரிகிறதே!

குமிழி கெடுதல்தான், மறுக்கவில்லை. கண்ணாடி இழைத் துணிகளை அச்சில் அடுக்கி, பை போர்த்தி, காற்றை உறிஞ்சிய பிறகே எபாக்ஸி பிசினை உள்ளே விடுகிறோம். துணியிலோ, இடையில் வைக்கும் பால்சா என்ற எடை குறைந்த மரக்கட்டையிலோ ஈரம் தங்கியிருந்தால், 30 டிகிரி வெப்பத்தில் அழுத்தம் 42 மில்லிபாருக்குக் கீழே இறங்கியதும் அந்த நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். ஆவி வெளியேறும் முன் பிசின் இறுகினால் குமிழி உள்ளேயே நின்றுவிடும். மழைக்காலத்தில் துணி உருளைகளின் உறையைப் பிரிக்கவே எனக்கு மனம் வராது. இறுகிய பலகையின் கன அளவில் குமிழிகளின் பங்கு 1 சதவீதம் கூடினால், அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் வலிமை ஏறத்தாழ 7 சதவீதம் குறையும் என்பது துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. ஆனால் அதே பலகையை இழையின் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், பெரிதாகத் தளராது. அங்கே சுமை தாங்குவது இழை.

எனக்குக் கவலையெல்லாம் துணியில் விழும் சுருக்கத்தைப் பற்றித்தான். இறக்கையின் நீளத்துக்கும் ஓடும் நடுப்பட்டையில் ஒரு துணி தளர்ந்து மடிந்தால், அதன்மேல் வரும் துணிகள் எல்லாம் அந்த மேட்டில் ஏறி இறங்கும். வெளிப்பரப்போ வழவழப்பாகவே இருக்கும். கழித்துக்கட்டிய இறக்கை ஒன்றை அறுத்து, வெட்டுமுகத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம். நேராக வந்த இழைக் கோடுகள் ஓரிடத்தில் எழும்பியிருந்தன. முகட்டுக்கு அடியில் இழையே இல்லாமல் பிசின் மட்டும் தேங்கி இறுகிக் கிடந்தது.

காற்று தள்ளும்போது இறக்கையின் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். அமுங்கும் பக்கத்தில் இழை சில டிகிரி சாய்ந்திருந்தாலே போதும், பக்கவாட்டில் வளைந்து கொத்தாக ஒடிந்துவிடும். அதனால், குறை எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்கும் படிவங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், அந்த உயரம் எவ்வளவு நீளத்தில் பரவியிருக்கிறது என்று கேட்க வேண்டும். நீண்டு தாழ்ந்த அலையைப் பல நேரங்களில் விட்டுவிடலாம். குறுகிய நீளத்தில் செங்குத்தாக எழுந்ததை விடவே கூடாது.

பிசின் விடுமுன் கையால் நீவினால் சில நிமிட வேலை. இறுகிய பின் அரைத்தெடுத்து, சரிவாகப் படி செதுக்கி, புதுத் துணி ஒட்ட நாள்கணக்காகும். அந்தச் சில நிமிடங்களைத் துணி அடுக்குபவர்களுக்குக் கொடுங்கள் என்று உற்பத்திக் கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.