மழுங்கல்தான் கஷ்டம்

முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஷாக் அடிக்குமே, அந்த உல்நார் நரம்புக்காகத்தான் இப்போது ஒரு அறுவை சிகிச்சைக் கருவி வரைந்துகொண்டிருக்கிறேன். முழங்கையின் உள்பக்க எலும்பு முட்டுக்குப் பின்னால் ஆஸ்போர்ன் பட்டை என்ற நார்த்திசு அந்த நரம்பை அழுத்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பட்டையை வெட்டிவிடலாம், சரி. ஆனால் நரம்பு அதன் அடியிலேயே ஒட்டிக் கிடக்கிறது.

அதனால் வெட்டும் விளிம்பு மேலே மட்டும். கருவியின் கீழ்த்தாடை மழுங்கலாக, கொஞ்சம் நீண்டு, பட்டைக்கும் நரம்புக்கும் நடுவே நழுவ வேண்டும். கூர்மை கடையில் கிடைக்கும், மழுங்கல்தான் தலைவலி. தடித்தால் ஏற்கெனவே நசுங்கிய நரம்பை இன்னும் நசுக்கும்; மெலிந்தால் அதுவே கத்தி. அப்புறம், தோலுக்கடியில் குறுக்கே ஓடும் மெல்லிய உணர்வு நரம்புக் கிளைகள் வேறு. அவற்றை எந்தத் தாடையும் காப்பாற்றாது, டாக்டர் கண்ணால் பார்த்து ஒதுக்கத்தான் வேண்டும். கை மறைக்காதபடி கைப்பிடியைப் பக்கவாட்டில் வளைத்திருக்கிறேன்.