குளுக்கோஸ் 7.0: எண் மட்டும் வந்தால் போதுமா?

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘குளுக்கோஸ் 7.0’ என்றிருந்தால், அது லிட்டருக்கு 7 மில்லிமோல். 18-ஆல் பெருக்கினால் நம்மூர்க் கணக்கில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம். வெறும் வயிற்றில் எடுத்ததென்றால் சர்க்கரை நோய்க்கான எல்லைக்கோடே அதுதான். அலகைத் தொலைத்துவிட்டு அந்த 7 மட்டும் இங்குள்ள மருத்துவமனை மென்பொருளுக்குள் விழுந்தால், 70-க்குக் கீழே என்று பார்த்து ‘சர்க்கரை மிகக் குறைவு’ எனச் சிவப்பில் எச்சரிக்கும். இணைப்பில் கோளாறு இல்லை, தகவலும் வந்துவிட்டது. ஆனால் நோயாளிக்கு வேண்டியதற்கு நேர்மாறான சேதி.

அதனால் ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு முடிவை, எண்ணும் அலகும் பிரியாத ஒரே வரி எழுத்தாக அனுப்பவே கூடாது. மருத்துவத் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதற்கான எஃப்.எச்.ஐ.ஆர். (FHIR) தரநிலையின் ‘அப்சர்வேஷன்’ பதிவில் எண்ணுக்கு ஓர் இடம், அலகுக்கு ஓர் இடம் தனித்தனியே உண்டு. எந்தப் பரிசோதனை என்பதை, ஆய்வகப் பரிசோதனைகளுக்கான பொதுக் குறியீட்டுப் பட்டியலான லாயிங்க் (LOINC) சொல்லும்: வெறும் வயிற்றுக் குளுக்கோஸுக்கு 1558-6, பொதுவான குளுக்கோஸுக்கு 2345-7. ஆய்வகம் தன் பட்டியலில் எல்லாவற்றையும் ‘சுகர்’ என்று வைத்திருந்தால், குறியீடு பொருத்தும் வேலையை மென்பொருள்காரரிடம் விடாதீர்கள்; ஆய்வகப் பொறுப்பாளர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நேரமும் அப்படித்தான். வேண்டியது ரத்தம் எடுத்த நேரம், அறிக்கை அச்சான நேரம் அல்ல. காலை 6 மணியை, இந்திய நேரம் என்று காட்டும் +05:30 இல்லாமல் அனுப்பி, வாங்கும் பக்கம் அதைக் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டால் திரையில் 11:30 என்று வரும். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் சாப்பிட்ட பின் எடுத்ததாகிவிடும். திருத்திய அறிக்கை பழைய அடையாள எண்ணோடு, ‘திருத்தப்பட்டது’ என்ற நிலையோடு போகாவிட்டால் இரண்டு முடிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், எதை நம்புவது?

இதைவிடக் கடினம், ஆளை அடையாளம் காண்பது. எஸ். முருகன், முருகன் எஸ்., முருகன் சுப்பையா மூவரும் ஒருவரே. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்கினால் பதிவு செய்பவர் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போவார். பிறந்த தேதி தெரியாதவர்களெல்லாம் ஜனவரி 1-இல் பிறந்தவர்களாகிவிடுவார்கள். வீட்டுக்கே ஒரே கைப்பேசி எண். அரசின் சுகாதார அடையாள எண்ணான 14 இலக்க ஆபா (ABHA) எண் இருந்தால் நல்லது. ஆனால் நினைவின்றிக் கொண்டுவரப்படுபவரிடம் யார் கேட்பது? ஆகவே பெயரும் வயதும் ஒத்துப்போகின்றன என்பதற்காக மென்பொருள் தானே இரண்டு கோப்புகளைச் சேர்க்க விடக்கூடாது. ஒருவருக்கு இரண்டு கோப்பு இருப்பது தொல்லை. இருவர் ஒரே கோப்பில் இருப்பது உயிராபத்து, ரத்த வகை கூட மாறிப்போகும். சந்தேகமானவற்றை ஒரு மனிதர் பார்த்துச் சேர்க்கட்டும். சேர்த்த பிறகும் பழைய எண்ணை அழிக்காமல், எந்தப் பதிவு எந்த எண்ணில் வந்தது என்பதை வைத்திருங்கள். அப்போதுதான் தவறானால் பிரிக்க முடியும்.

ஒவ்வாமைக் கட்டத்தையும் சொல்லியாக வேண்டும். வெற்றிடமாக வந்ததை ‘ஒவ்வாமை இல்லை’ என்று காட்டும் திரைகள் உண்டு. ‘இல்லை’ என்று நோயாளி சொன்னதற்கு, மருத்துவச் சொற்களுக்கான குறியீட்டுத் தொகுப்பான ஸ்னோமெட்டில் (SNOMED) தனிக் குறியீடே இருக்கிறது: 716186003. கேட்கவே இல்லையென்றால் ‘கேட்கவில்லை’ என்றே காட்டுங்கள். பெனிசிலின் ஊசியைக் கையில் வைத்திருக்கும் செவிலியர் அந்தச் சொல்லைப் பார்த்தால் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் போடுவார்.