எல்லைக்கல்லுக்கு உள்ளே யார் யார்?

மூன்று மாதம் தனியாக உட்கார அனுமதி வேண்டும் என்று என் திபெத்திய பௌத்த ஆசிரியர் கெஷே-லாவிடம் கேட்டபோது, தியானத்தைப் பற்றி அவர் ஒன்றுமே விசாரிக்கவில்லை. “காய்கறி யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?” என்றார். அப்புறம், “கடன் இருக்கிறதா? பல்வலி உண்டா? அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?” இந்த நான்குக்கும் பதிலோடு வா, மற்றதைப் பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டார். பதிலோடு நான் திரும்பிப் போகப் பதினான்கு மாதம் ஆனது.

நான் செய்ய விரும்பியது வஜ்ரசத்துவர் சாதனை. நூறு அசை கொண்ட மந்திரத்தை ஒரு லட்சம் தடவை சொல்லி முடிக்க வேண்டும். திபெத்திய பௌத்தத்தின் ஆரம்பப் பயிற்சிகளில் இது ஒன்று. சாஷ்டாங்க நமஸ்காரம், மண்டல சமர்ப்பணம் எல்லாமே அங்கே லட்சக் கணக்குதான். ஜபமாலையில் 108 மணி இருந்தாலும் ஒரு சுற்றை 100 என்றுதான் எழுதுவோம். மீதி எட்டும் நாக்கு பிசகியதற்கும் மனம் ஓடியதற்கும் ஈடு. ஒரு மாலைக்கு எனக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நாளுக்கு நான்கு அமர்வு, அமர்வுக்கு மூன்று மாலை என்றால் 1,200. 84 நாளில் லட்சத்தைத் தாண்டிவிடலாம். ல்ஹபப் துச்சென் திருநாளன்று தொடங்கி, திபெத்தியப் புத்தாண்டான லோசருக்குள் முடிப்பது என்று பேசிக்கொண்டோம். அவர்கள் நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் 22-ம் நாளிலிருந்து புத்தாண்டு வரை ஏறக்குறைய 98 நாள். காய்ச்சல், பனி, கைகால் வலி என்று நாள் போனாலும் இரண்டு வாரம் கையில் இருக்கும்.

தனிமைத் தியானம் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது டென்சின் பால்மோ அம்மையார். லண்டனில் வளர்ந்தவர், இமயமலையில் லாஹௌல் பள்ளத்தாக்கில் 13,000 அடிக்கு மேலே ஒரு குகையில் 1976 முதல் 1988 வரை பன்னிரண்டு ஆண்டு இருந்தவர். கடைசி மூன்று ஆண்டு முழுத் தனிமை. நானும் அவரை நினைத்துத்தான் இதில் இறங்கினேன். ஆனால் அந்தக் குகைக்கும் மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் கீழேயிருந்து யாரோ சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள். கெஷே-லாவின் முதல் கேள்வி அந்தச் சுமையைப் பற்றியது என்பது எனக்குப் புரியவே பல மாதம் பிடித்தது.

கடனில் தொடங்கினேன். வீட்டு ரிப்பேருக்கு வாங்கிய தனிநபர் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாதம் பிறந்தால் தவணை போக வேண்டும் என்ற நினைப்போடு மாலை உருட்ட முடியாது. அதை அடைத்தால் சேமிப்பு காலி, மலைக்குப் போகப் பணம் இல்லை. சென்னையில் ஞாயிறு மாலைகளில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் சேர்ந்து உட்காரும் பதினோரு பேர் நாங்கள். அங்கே பேச்சுவாக்கில் சொன்னேன். வயதில் மூத்தவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, “நீ கடனை அடை. சோத்தை நாங்க பார்த்துக்கிறோம்” என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. யாரிடமும் கை நீட்டாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. மூன்று வாரம் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை. பிறகு டீச்சரே வீடு தேடி வந்தார். “பிட்சுகள் பாத்திரத்தை ஏந்திக்கிட்டு நிக்கிறாங்களே, அது பிச்சைன்னா நெனைக்கிறே? எனக்கு முட்டி போச்சு. என்னால மலை ஏறி உக்கார முடியாது. உனக்கு ஒரு வேளை சோறு போட்டா அந்த உக்கார்றதுல எனக்கும் பங்கு உண்டு. அதை ஏன் தர மாட்டேங்கிறே?” என்றார். அதற்குமேல் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொள்வதும் ஒரு பயிற்சிதான் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு மந்திரத்தைவிட அது கடினமாக இருந்தது.

நான்கு மாத வாடகை, சிலிண்டர், மளிகை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய் என்று கணக்குப் போட்டோம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எனக்குச் சொல்லக் கூடாது என்பது அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். பணத்தைவிடப் பெரிய உதவிகளும் உண்டு. ஒருவர் என் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு கரண்ட் பில், வீட்டு வரி எல்லாம் பார்த்துக்கொண்டார். இன்னொருவர் சிம் செத்துப்போகாமல் மூன்று மாத ரீசார்ஜ் போட்டுவைத்தார். டீச்சர் ஐந்து கிலோ பருப்புப்பொடி இடித்துக் கொடுத்தார். கூடவே நார்த்தங்காய் ஊறுகாய், கருவேப்பிலைப்பொடி, வறுத்த சத்துமாவு. மலையில் எது கிடைக்காவிட்டாலும் சூடான சோறும் பருப்புப்பொடியும் நெய்யும் இருந்தால் ஒரு நாள் ஓடிவிடும். இது அங்கே உட்கார்ந்து பார்த்தபின் சொல்வது.

பல் விஷயத்தில் கெஷே-லா சொன்னதை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போய்ப் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் வேர்ச்சிகிச்சை வேண்டும் என்றார்கள். பனி மூடிய மலையில் நடு இரவு அது தொடங்கியிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். கண்ணாடியும் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்தேன்.

அலுவலகத்தில் சம்பளமில்லா விடுப்பு முதலில் மறுக்கப்பட்டது, பிறகு கிடைத்தது. அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒத்திகையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலில் மூன்று நாள், பிறகு பத்து நாள் உட்கார்ந்து பார் என்றார் கெஷே-லா. திருநெல்வேலியில் அக்கா வீட்டு மாடி அறையில் பத்து நாள் இருந்தேன். அக்கா வேளாவேளைக்குச் சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டுப் போய்விடுவாள். நல்ல வேகத்தில் ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே பதினாறு மாலை. நான்காம் நாள் நெஞ்சில் ஏதோ இறுகிப் பிடித்ததுபோல இருந்தது. தூக்கம் இல்லை. கீழே அத்தான் செய்தி கேட்கும் சத்தம் வந்தால் அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. போனில் கெஷே-லாவிடம் சொன்னேன். “லுங்” என்றார். லுங் என்றால் காற்று, நம் வாதம் மாதிரி. மனத்தை அளவுக்கு மீறி முறுக்கினால் அது நிலை பிசகும் என்பது திபெத்திய மருத்துவம். தனியாக உட்காருபவர்களை அதிகம் வீழ்த்துவது பயமோ சலிப்போ அல்ல, இதுதான் என்றார். மருந்து என்ன என்று கேட்டேன். எண்ணிக்கையைக் குறை, வெயிலில் போய்த் தூரத்தைப் பார், சூடாகவும் கொழுப்பாகவும் சாப்பிடு, எள்ளெண்ணெய் தேய்த்துக்கொள். எள்ளெண்ணெய் என்று அவர் சொன்னதும் எனக்கு அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவள் முதல் நாளே நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கதவருகே வைத்திருந்தாள். நான்தான் தொடவில்லை.

வேகம் கூடாது, நாளுக்குப் பன்னிரண்டுக்கு மேல் தொடக்கூடாது என்பதை அந்த மாடியில்தான் கற்றேன். நேராக மலைக்குப் போயிருந்தால் டிசம்பரிலேயே மூட்டை கட்டியிருப்பேன். உட்கார நினைப்பவர் யாராக இருந்தாலும் இந்த ஒத்திகையை விட்டுவிடாதீர்கள்.

இனி அம்மா. திபெத்திய மொழியில் இந்தத் தனிமைக்குப் பெயர் ‘த்சம்’. எல்லை என்று பொருள். தொடங்கும் நாளில் குடிலைச் சுற்றி எல்லைக்கல் நடுவார்கள். நடும்போது, இந்த எல்லைக்குள் வரக்கூடியவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராக மனத்தில் நினைத்து உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர், உதவியாளர், மருத்துவர், வீட்டுக்காரர். அப்படிச் சேர்த்தவர்களைப் பார்த்தால் தனிமை முறியாது. சேர்க்காதவரை முடியும்வரை பார்ப்பதில்லை. பட்டியலை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வா என்றார் கெஷே-லா. நான் அக்காவிடம் போய் உட்கார்ந்தேன்.

“அம்மாவுக்கு ஏதாவது ஆனால் எனக்குச் சொல்லலாமா, முடிந்தபிறகு சொல்கிறாயா?” இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “சொல்லுவேன். நீ நட்டு வச்சிருக்க கல்லுக்காவச் சொல்லாம இருக்க மாட்டேன்.”

அம்மா உள்ளே கட்டிலில் இருந்தாள். 74 வயது, காது மட்டும் நன்றாகக் கேட்கும். “எனக்கு ஏதும் ஆச்சுன்னா அவ வாரதுக்கு ரெண்டு நாளாவும்டி. ஐஸ் பெட்டி வச்சிருங்க” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான்தான் உள்ளே போய், தொடங்கும் நாளின் கதையைச் சொன்னேன். ல்ஹபப் துச்சென் என்பது புத்தர் தேவலோகத்திலிருந்து இறங்கி வந்த நாள். இறந்துபோன தன் தாய்க்குத் தர்மம் சொல்ல அங்கே போய் மூன்று மாதம் இருந்தார். அம்மா முழுவதும் கேட்டாள். “அவரு அம்மைக்குச் சொல்லிக்குடுக்கப் போனாரு. நீ அம்மைய விட்டுட்டுல்லா போற” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அக்கா பெயரைப் பட்டியலில் சேர்த்தேன். அவள் திருநெல்வேலியைவிட்டு வரப்போவதில்லை. ஆனால் அவள் குரல் எல்லைக்குள் வரலாம். அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு நவம்பரில் கொடுக்கவேண்டிய வாழ்நாள் சான்று, மாத்திரைச் சீட்டு, மருத்துவமனைக்கு எடுத்துவைத்த பணம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அக்காவிடம் கொடுத்தபின்தான் ரயில் டிக்கெட் எடுத்தேன்.

இமாச்சலப் பிரதேசத்தில், மெக்லியோட்கஞ்சுக்கு மேலே தரம்கோட். அதற்கும் மேலே, தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒற்றை அறைக் குடில். மலை ஆட்டிடையர் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமானது. முதலில் பேசிவைத்த இடம் கடைசி வாரத்தில் கைவிட்டுப் போனது. அனி-லா அலைந்து இதைப் பிடித்தார். அனி-லா என்பது பிக்குணிகளை மரியாதையாக அழைக்கும் முறை. அவர்தான் என் உதவியாளர். சனிக்கிழமைதோறும் காய்கறி, பால்பவுடர், தேவைப்பட்டால் மருந்து, எல்லாவற்றையும் கல்லருகே வைத்துவிட்டுப் போவார். என்ன வேண்டும் என்பதை நான் ஒரு நோட்டில் எழுதி டிபன் பாக்ஸில் வைப்பேன். குரங்கு நோட்டையும் விடாது, அதனால் டிபன் பாக்ஸ். போன் அவரிடம், அணைத்த நிலையில். அக்காவிடம் அவர் எண் இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்குள் நான் கொடியில் ஒரு சிவப்புத் துண்டைப் போட வேண்டும். போடாவிட்டால் வீட்டுக்கார அம்மாள் வந்து கதவைத் தட்டுவார். அவரும் பட்டியலில் உண்டு. சம்பளம் என்று நீட்டியதை அனி-லா வாங்கவில்லை. பனிக்கால ஷூ ஒரு ஜோடி மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் முன்னதாகப் போய், விறகு நனையாமல் மூடி, ஜன்னல் இடுக்குகளைத் துணியால் அடைத்து, குழாய் உறைந்தால் இருக்கட்டும் என்று நான்கு கேன் தண்ணீர் பிடித்துவைத்தேன். (பருப்பு அளவுக்கு மீறி வாங்கிவிட்டேன், மெழுகுவத்தி போதவில்லை.)

தொடங்கும் நாளன்று மாலை கெஷே-லா மலை ஏறி வந்தார். த்சம் மாலையில்தான் தொடங்க வேண்டும், அதுவும் சிறிதாக. கற்கள் நான்கு திசைக் காவல் மன்னர்களுக்கு உரியவை: திருதராஷ்டிரர், விரூடகர், விரூபாட்சர், வைசிரவணர். வடக்கே நிற்கும் வைசிரவணர் நம் குபேரன்தான். ஒவ்வொரு கல்லிடமும் நின்று பட்டியலை மனத்துக்குள் வாசித்தேன். டீச்சர் பெயர் அதில் இல்லை. ஆனாலும் நினைத்தேன்.

பிறகு ஆசனம். முதல் அமர்வில் எங்கே உட்காருகிறோமோ அங்கேயே கடைசிவரை. அந்த இடத்தில் சொன்னதுதான் கணக்கில் சேரும், நகர்த்தக் கூடாது. அதனடியில் சுண்ணக்கட்டியால் ஸ்வஸ்திகம் வரைந்து, இரண்டு வகைப் புல் பரப்புவார்கள். ஒன்று தர்ப்பை, புத்தர் ஞானம் பெற்றபோது உட்கார்ந்த புல். இன்னொன்று ஆயுள் நீள்வதற்கான புல். அதன் சமஸ்கிருதப் பெயர் தூர்வா என்று ஊரில் இருக்கும்போதே கெஷே-லா சொல்லியிருந்தார். தூர்வா என்றால் அறுகு. அதை அம்மாவிடம் சொன்னேன், அவ்வளவுதான். கிளம்பும் அன்று காலை, தாளில் பொதிந்து என் கைப்பையில் அவளே வைத்திருக்கிறாள்.

அந்தப் பொதியைக் குடிலில்தான் பிரித்தேன். அக்கா வீட்டுத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் பறித்த அறுகு. பிள்ளையாருக்குக் கட்டுகிற மாதிரியே எண்ணி, நூல் சுற்றி, காயவைத்திருந்தாள். இருபத்தொன்று. கெஷே-லா கையில் வாங்கிப் பார்த்தார். “சரியான புல்” என்று இந்தியில் சொல்லிவிட்டு, நூலை அவிழ்க்காமலே வைத்தார். மேலே ஜமுக்காளம், அதன்மேல் திண்டு.

அவரும் அனி-லாவும் இறங்கிப் போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் வீட்டுக்கார அம்மாள் குக்கர் விசில். விளக்கேற்றி உட்கார்ந்தேன். அன்றிரவு நோட்டில் எழுதியது: மாலை 1, எண்ணிக்கை 100.