கன்னத்துத் தடிப்பில் எங்கே வெட்டுவது?

உசிலம்பட்டி, மேலூர் பக்கம் பல வருடமாகப் புகையிலை அதக்கும் பெரியவர்களுக்கு, அதக்கும் அதே கன்னத்தின் உட்புறம் காலிஃபிளவர் பூ மாதிரி வெள்ளைத் தடிப்பு வருவதுண்டு. வலி இருக்காது, மெதுவாக வளரும். 1948இல் ஆக்கர்மன் என்ற நோயியல் மருத்துவர் விவரித்த வெருக்கஸ் கார்சினோமாவாக (மரு போல் வளரும் ஒரு வகைப் புற்று) இருக்கலாம்.

பயாப்ஸிக்கு (பரிசோதனைக்குத் திசுத் துண்டு எடுப்பது) மேலாகக் கிள்ளி எடுத்தால் ரிப்போர்ட்டில் 'ஹைப்பர்கெரடோசிஸ்' (மேல்படலம் தடித்திருக்கிறது) என்றுதான் வரும். லேபைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வகையில் செல்கள் சாதுவாகவே தெரியும். தடிப்பின் அகன்று மழுங்கிய முனைகள் அடித்திசுவை அழுத்தித் தள்ளுவதுதான் அடையாளம். அது தெரிய, தடிப்பின் ஓரத்தில், பக்கத்து நல்ல தோலும் சேர, அடித்திசு வரை செங்குத்தாக வெட்ட வேண்டும். துண்டு உடனே 10% பஃபர்டு ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்), துண்டைப் போல் 10 மடங்கு அளவில் மூழ்க வேண்டும். சலைனில் (உப்புநீர்) போட்டு மதுரைக்கு பஸ்ஸில் அனுப்பினால் வந்து சேர்வதற்குள் செல்கள் சிதைந்துவிடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு கட்டி முழுவதையும் பல இடங்களில் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சாதாரண ஸ்குவாமஸ் புற்று (வாயில் வழக்கமாக வருவது, பரவக்கூடியது) ஒளிந்திருந்தால் கழுத்து நெறிக்கட்டிகளுக்கான சிகிச்சை மாறலாம்.

இன்னொரு வகையான ஸ்பிண்டில் செல் புற்று (செல்கள் கதிர்வடிவில் நீண்டிருக்கும்), தசை போன்ற திசுக்களில் வரும் சார்கோமா போலவே ஏமாற்றும். மேல்தோல் செல்களை அடையாளம் காட்டும் கெரட்டின், பி40 சாயங்கள் உதவும். ஆனால் கெரட்டின் நெகட்டிவ் என்பதற்காகப் புற்றை ஒதுக்கிவிட முடியாது, மேல்தோலில் டிஸ்பிளேசியா (புற்றுக்கு முந்தைய செல் மாற்றம்) இருக்கிறதா என்று தேட வேண்டும்.

கண்ணால் பார்ப்பதும் ரிப்போர்ட்டும் ஒத்துவராவிட்டால், தயங்காமல் இன்னும் ஆழமாக மறு பயாப்ஸி எடுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும் நோயாளி ரிப்போர்ட் பேப்பரோடு, திசு வைத்த ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.